ஷிஃப்ட்டுக்குள்ள பல்லி: பெரிய கீக்கு அடியில இருக்கற கம்பியோட கதை

'வண்ணம்'னு அஞ்சல் முறையில, அதாவது உச்சரிப்புக்கு ஏத்த இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் அடிக்கற கீபோர்டு முறையில, ஒரு தடவை டைப் பண்ணிப் பாருங்க. ண வேணும்னா ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு என் அடிக்கணும், 'பள்ளி'க்கு ஷிஃப்ட்டோட எல், 'காற்று'க்கு ஷிஃப்ட்டோட ஆர். இங்கிலீஷ் டைப் பண்றவன் வாக்கியத்துக்கு ஒரு தடவை தொடுற ஷிஃப்ட்டை நாம வார்த்தைக்கு வார்த்தை தொடுறோம். தமிழ்99காரங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஸ ஷ ஜ ஹ மாதிரி எழுத்து வந்தாத்தான் அவங்க ஷிஃப்ட் பக்கம் போவாங்க, 97-ல நம்ம சிங்கப்பூர்ல கூடின தமிழ்நெட் மாநாட்டுக்கு அடுத்து 99-ல சென்னைல கூடி முடிவு பண்ணின லேஅவுட் அது, யோசிச்சுத்தான் பண்ணியிருக்காங்க. ஆனா நான் காலேஜ் நாள்லேருந்து அஞ்சல்காரன், கை இனிமே மாறாது.

அதனாலதான் என் முதல் கஸ்டம் கீபோர்டைக் கட்டி முடிச்ச அன்னிக்கு ராத்திரி ஒரு பக்கம் தமிழ் அடிச்சுப் பாத்ததும் வயிறு கலங்கிருச்சு. 61 கீ போர்டு, அதுல 56 கீ அடக்கமா தொக் தொக்னு பேசுது, லெஃப்ட் ஷிஃப்ட் மட்டும் சில்லறை போட்ட டப்பா மாதிரி சலசலன்னு, ஸ்பேஸ்பார் இன்னும் மோசம், இடது பக்கம் தட்டினா ஒரு சத்தம் வலது பக்கம் தட்டினா வேற சத்தம், ரெண்டுக்கும் நடுவுல சன்னமா ஒரு 'டிக்'. ஈசூன்ல எச்டிபி பிளாட், பெட்ரூம் கதவு திறந்து இருந்துச்சு போல. உள்ளேருந்து வீட்டம்மா குரல்: "என்னங்க, கம்ப்யூட்டருக்குள்ள பல்லி பூந்துருச்சா?" அலுமினியம் கேஸு, ஒவ்வொரு கீக்கும் அடியில இருக்கற ஸ்விட்ச், மேல விரல் படற மூடியான கீகேப்னு நானூறு வெள்ளிக்கு மேல அழுதுட்டு பல்லி சத்தம் கேட்டா எப்படி இருக்கும்.

அந்தப் பல்லி எங்க இருக்குன்னு தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. கீபோர்டுக்காரங்க எல்லாரும் ஸ்விட்ச்சைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, சிவப்பா பிரவுனா லீனியரா டாக்டைலான்னு, ஆனா ஒரு போர்டு கேட்க நல்லா இருக்கா இல்லையாங்கறதை முடிவு பண்றது பெரும்பாலும் ஸ்பேஸ்பார், என்டர், பேக்ஸ்பேஸ், ரெண்டு ஷிஃப்ட்னு அந்த அஞ்சு பெரிய கீதான், அந்த அஞ்சையும் முடிவு பண்றது அடியில ஒளிஞ்சிருக்கற ஒரு வளைஞ்ச கம்பி. ஸ்டெபிலைசர்னு பேரு, வாய்ல சுருக்கமா ஸ்டேப்.

ஏன் இது வேணும்னு முதல்ல பாப்போம். கீபோர்டு உலகத்துல அளவெல்லாம் யூ கணக்கு. ஒரு எழுத்துக் கீ பிடிக்கிற இடம் 1யூ, அதாவது 19.05 மிமீ, சரியா முக்கால் இஞ்ச். டேப் 1.5யூ, கேப்ஸ் லாக் 1.75யூ, அதுவரைக்கும் ஒத்தை ஸ்விட்ச்சே சமாளிச்சுக்கும். பேக்ஸ்பேஸ் 2யூ, என்டரும் லெஃப்ட் ஷிஃப்ட்டும் 2.25யூ, ரைட் ஷிஃப்ட் 2.75யூ, ஸ்பேஸ்பார் வழக்கமா 6.25யூ, சில போர்டுல 7யூ. பெருக்கிப் பாருங்க, 6.25யூ ஸ்பேஸ்பார் கிட்டத்தட்ட 119 மிமீ நீளம். இத்தனை நீளத்தையும் நடுவுல தாங்கறது ஒரே ஒரு ஸ்விட்ச், அதோட பிளஸ் குறி மாதிரி இருக்கற தண்டு வெறும் நாலு மிமீ அகலம். காவடித்தண்டைத் தோள்ல வெச்சிருக்கறவனுக்கு ஒரு முனைல மட்டும் பாரத்தைத் தொங்கவிட்டா என்ன ஆகும்? தண்டு சாயும், தோள் முறுக்கிக்கும். ஸ்பேஸ்பாரோட ஓரத்தைக் கட்டைவிரல்ல தட்டறப்போ ஸ்விட்ச்சுக்கு நடக்கறது அதேதான், நேரா கீழ இறங்க வேண்டிய தண்டு பக்கவாட்டுல சாஞ்சு சுவத்துல உரசிக்கிட்டு நிக்கும், கீ பாதி வழில மாட்டிக்கும்.

அதனால கீயோட ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு துணைக்கால் வைக்கறாங்க. பிளாஸ்டிக் கூடு ஒண்ணு, அது ஹவுசிங். அதுக்குள்ள மேலயும் கீழயும் வழுக்கிப் போற சின்ன பிளாஸ்டிக் துண்டு, அது ஸ்டெம், அதோட தலைலயும் ஸ்விட்ச்சுல இருக்கற அதே பிளஸ் குறி. ஸ்பேஸ்பாரைக் கழட்டித் திருப்பிப் பாத்தா மூணு குழி தெரியும், நடுவுல ஸ்விட்ச்சுக்கு, ஓரத்துல ரெண்டும் ஸ்டெம்முக்கு. ஆனா துணைக்கால் ரெண்டும் தனித்தனியா இறங்கினா ஒரு பிரயோஜனமும் இல்ல, ஒண்ணு இறங்கறப்போ இன்னொண்ணும் இறங்கியே ஆகணும். அங்கதான் கம்பி வருது. 'ப' எழுத்தைக் கொஞ்சம் இழுத்து அகலமாக்கின மாதிரி ஒரு எஃகுக் கம்பி, நடுவுல நீளமான பகுதி, ரெண்டு முனைலயும் குட்டையா ரெண்டு கை. நீளப் பகுதி ஹவுசிங் ரெண்டுலயும் ஒரு கவ்வில உட்கார்ந்து உருளும், கை ரெண்டும் ஸ்டெம்மோட அடி ஓட்டைக்குள்ள நுழைஞ்சிருக்கும். இடது ஸ்டெம் கீழ போனா இடது கையைத் தள்ளுது, கை நீளப் பகுதியை உருட்டுது, உருண்ட கம்பி வலது கையையும் கீழ இழுத்துக்கிட்டு வருது. ஓரத்துல தட்டினாலும் மொத்தக் கீயும் மட்டமா இறங்கிடும்.

கார் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்ல. வளைவுல திரும்பறப்போ கார் ஒரு பக்கம் சாயாம இருக்க ரெண்டு சக்கரத்தையும் இணைச்சு அடியில ஒரு ப வடிவக் கம்பி ஓடும், ஆன்டி ரோல் பார்னு சொல்வாங்க, அதுக்கு இன்னொரு பேரே ஸ்டெபிலைசர் பார்தான். வேலையும் அதே, பேரும் அதே, அளவு மட்டும் பொம்மை சைஸ்.

2யூ ஸ்டேப்ல ரெண்டு ஸ்டெம்முக்கும் நடு தூரம் 24 மிமீக்குக் கொஞ்சம் குறைவு, 6.25யூல 100 மிமீ, 7யூல 114.3 மிமீ. பேக்ஸ்பேஸ், என்டர், ரெண்டு ஷிஃப்ட், நாலுக்குமே இந்த 2யூ ஸ்டேப்தான் போடறாங்க, 2.75யூ ரைட் ஷிஃப்ட்டுக்கும் அதேதான், அதனால அதோட ரெண்டு ஓரமும் ஸ்டெம்மைத் தாண்டி 14 மிமீ அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருக்கும், ரைட் ஷிஃப்ட் ஓரத்துல தட்டினா ஒரு மாதிரி தள்ளாடறதுக்குக் காரணம் இதுதான். இன்னொரு விஷயம், கம்பி ஒண்ணும் கல்லு இல்ல, முறுக்கினா கொஞ்சம் முறுகத்தான் செய்யும். ஒரே தடிமன்ல இருக்கற கம்பியில நீளம் நாலு மடங்கானா அதே விசைக்கு முறுகறதும் நாலு மடங்கு. ஆக இடது ஓரத்துல தட்டறப்போ வலது கை துளியூண்டு லேட்டா வந்து சேரும், 2யூல அது தெரியவே தெரியாது, ஸ்பேஸ்பார்ல காதுக்குத் தெரியும். தடிமன் கூடினா கெட்டித்தனம் நாலாம் அடுக்குல கூடும், 1.5 மிமீ கம்பிக்குப் பதிலா 1.6 போட்டா முறுகலுக்கு எதிர்ப்பு முப்பது சதவீதம் கிட்ட ஏறும். கம்பிக்குத் தங்க முலாம் பூசி விக்கறாங்களே, அது துருவுக்கு நல்லது, நம்ம ஊர் ஈரக்காத்துக்கு அவசியம்னே சொல்லலாம், ஆனா அந்தத் தங்கத்துனால சத்தம் இனிமையாகும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

சரி, சத்தம் எங்கேருந்து வருது? மெக்கானிக் பாஷைல சொன்னா ஆட்டம். எந்த ரெண்டு பாகமும் ஒண்ணு மேல ஒண்ணு ஓடணும்னா நடுவுல கொஞ்சம் இடைவெளி வேணும், இறுக்கமா இருந்தா ஓடாது. அதே இடைவெளிதான் ஆட்டம் கொடுக்கும், ஆட்டம் கொடுத்தா இடிக்கும், இடிச்சா சத்தம். ஸ்டேப்ல இந்த இடைவெளி நாலு இடத்துல இருக்கு. கம்பியோட கை நுழையற ஸ்டெம் ஓட்டைல, இதுதான் பல்லி சத்தத்தோட தலைமைச் செயலகம், இரும்பு நுனி பிளாஸ்டிக் சுவத்துல மேலயும் கீழயும் முட்டுற டிக். அப்புறம் நீளக் கம்பி உட்கார்ற கவ்வில, அங்கேருந்து வர்றது கரகரன்னு ஒரு சலசலப்பு. அப்புறம் ஸ்டெம்முக்கும் கூட்டுச் சுவத்துக்கும் நடுவுல, இது பக்கவாட்டு ஆட்டம். கடைசியா அந்தக் கூடே பிசிபி மேல, அதாவது அடியில இருக்கற சர்க்யூட் பலகை மேல, லூஸா இருந்தா மொத்தமா ஒரு டப். ஸ்டேப் சரி பண்றதுக்குன்னு ஊர் உலகத்துல சொல்ற அத்தனை வித்தையும், கிரீஸோ பிளாஸ்டரோ டேப்போ, இந்த நாலு இடைவெளில ஏதாவது ஒண்ணை அடைக்கற வேலைதான், ஆனா ஓட்டத்தைக் கெடுக்காம அடைக்கணும். இது புரியாம வீடியோல பாத்ததை எல்லாம் வரிசையா பண்றவங்கதான் கடைசில ஸ்பேஸ்பார் மேல எழும்ப மாட்டேங்குதுன்னு வந்து நிப்பாங்க. நானும் அப்படி நின்னவன்தான்.

வகையைப் பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். காஸ்டார்னு ஒரு பழைய வகை, கம்பி நேரா கீகேப்புக்குள்ள செருகின சின்ன பிளாஸ்டிக் கொக்கில மாட்டும், ஃபில்கோ மஜெஸ்டச் போர்டுல பாத்திருப்பீங்க, கீகேப் கழட்டி மாட்டறதுக்குள்ள உயிர் போயிரும். இப்போ கஸ்டம் போர்டுல வர்றது எல்லாம் செர்ரி வகை, நான் மேல விவரிச்சது அதுதான். அதுலயே மூணு தினுசு: பிளேட்டுல, அதாவது ஸ்விட்ச்சைப் பிடிச்சு நிறுத்தற தகட்டுல மாட்டறது, பிசிபி ஓட்டைல கிளிப் மாதிரி அழுத்தி மாட்டறது, பிசிபில ஸ்க்ரூ போட்டு இறுக்கறது. காசு கொடுத்து வாங்கறதா இருந்தா ஸ்க்ரூ போடறதை வாங்குங்க, நான் மேல சொன்ன நாலாவது ஆட்டம் அதுலயே போயிடும். கிளிப் வகை, கீகேப்பைப் பிடுங்கறப்போ சில சமயம் கூடோட சேர்ந்து கையில வரும். ஸ்க்ரூ போடறப்போ வாஷர் மறக்காதீங்க, ஸ்க்ரூவோட தலை பிசிபியோட செம்புத் தடத்தைக் கீறி ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு, கூடவே வர்ற வாஷர் தொலைஞ்சுட்டா எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற சிம் லிம் டவர்ல நைலான் வாஷர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிசிபி தடிமனையும் பாத்துக்குங்க, இந்த ஸ்டேப் எல்லாம் 1.6 மிமீ பிசிபிய மனசுல வெச்சுப் பண்ணினது, மெத்து மெத்துன்னு வளையணும்னு இப்போ சில போர்டுல 1.2 மிமீ போடறாங்க, அதுல கூடு லொடலொடன்னு நிக்கும், அடியில ஷிம்னு ஒரு மெல்லிசுத் துண்டு வைக்காம தீராது.

ஆபீஸ்ல ஒரு தம்பி இருக்கான், போன வருஷம் தீபாவளி போனஸ்ல முதல் போர்டு வாங்கினான். சனிக்கிழமை காலைல தேக்கால சாப்பிட்டுட்டு வெயில்ல நடந்தே சிம் லிம் பக்கம் போயி ஊசி இல்லாத சிரிஞ்சு, டிவீசர் எல்லாம் வாங்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தோம். வந்து உட்கார்ந்ததும் அவன் பையிலேருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தான். கிரைடாக்ஸ் 205, கிரேடு 0. புளோரின் எண்ணெய்ல டெஃப்லான் பொடியைக் கலந்து கெட்டியாக்கின கிரீஸ் அது, ஒரு காலத்துல டூபான்ட் சரக்கு, 2015-லேருந்து கெமோர்ஸ், விலை அரைத் தேக்கரண்டிக்கே கண்ணைக் கட்டும்.

"அண்ணே, முதல்ல இதைத் தடவிடலாமா?"

"மூடி வைடா. முதல்ல கம்பியைக் கொண்டா."

மேஜைல கண்ணாடி போட்டிருக்கேன், அது மேல ஸ்பேஸ்பார் கம்பியைப் படுக்க வெச்சேன். நல்ல கம்பின்னா ப வடிவம் முழுக்க கண்ணாடியோட ஒட்டிக் கிடக்கணும், ஒரு கையோட நுனியை விரலால அழுத்தினா இன்னொரு கை அசையக்கூடாது. அவன் கம்பியோட இடது நுனியை அழுத்தினேன், வலது நுனி மேல எழும்பிச்சு, விட்டேன், கண்ணாடில 'டிக்'. அதே சத்தம். "கேட்டுதா? உன் பல்லி இதுதான்." ஒரு பேப்பர் கனம்தான் அந்த இடைவெளி, அது போதும், ஒரு ஸ்டெம் தரையைத் தொட்டதுக்கு அப்புறம் இன்னொண்ணு தொடும், மேல வர்றப்போவும் அப்படித்தான், ஒரு தட்டுக்கு நாலு சத்தம். ரெண்டு பிளையரை எடுத்து ஒண்ணால நீளப் பகுதியோட மூலையைப் பிடிச்சு இன்னொண்ணால கையை மெதுவா முறுக்கணும். வளைக்கறதுன்னு கூட சொல்ல மாட்டேன், வளைக்கணும்னு நினைச்சுக்கிட்டே அழுத்தற மாதிரி. திரும்ப கண்ணாடில வை, தட்டிப் பாரு, கொஞ்சம் அதிகமா போயிருந்தா இந்தப் பக்கம் எழும்பும், திரும்ப அந்தப் பக்கம். முதல் கம்பிக்கு இருபது நிமிஷம் ஆச்சு, தம்பி அதுக்குள்ள ரெண்டு கோப்பி குடிச்சுட்டான். அஞ்சு கம்பில மூணு கோணல். இத்தனைக்கும் ஒண்ணும் மட்டமான சரக்கு இல்ல, இத்தனை மெல்லிசுக் கம்பி பாக்கெட்டுக்குள்ள கிடந்து வர்றப்போவே கூட வளையலாம், எந்த பிராண்டா இருந்தாலும் கண்ணாடில வெச்சுப் பாக்காம போடாதீங்க. டுராக், ஸீல், ஈக்வல்ஸ், ஸ்டேபீஸ், டிஎக்ஸ்னு பேரு மாறுது, விலை மாறுது, இந்த வேலை மட்டும் மாறலை.

கம்பி நேரானதுக்கு அப்புறம்தான் கிரீஸ். இங்க ரெண்டு வேலைக்கு ரெண்டு கிரீஸ். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசற இடத்துக்கு, அதாவது ஸ்டெம்மோட வெளிப்பக்கத்துக்கும் கூட்டோட உள்சுவத்துக்கும், அந்த 205 மெல்லிசா ஒரு பூச்சு. கம்பியும் பிளாஸ்டிக்கும் இடிக்கிற இடத்துக்கு டைஎலெக்ட்ரிக் கிரீஸ், சிலிகோன் எண்ணெய்ல பண்ணின தேன் மாதிரி கெட்டியான சமாச்சாரம், கார்ல ஸ்பார்க் பிளக் மூடிக்குள்ள தண்ணி போகாம இருக்கத் தடவறது, கார் சாமான் விக்கற கடைல டியூபா கிடைக்கும், 205 விலையோட பாத்தா சும்மா கொடுக்கற மாதிரி. இது வழுக்கறதுக்காகப் போடறது இல்ல, இடைவெளியை ரொப்பறதுக்கு. இரும்பு நுனி பிளாஸ்டிக்கை நேரா முட்டாம இந்தத் தேனுக்குள்ள அமுங்கி நிக்கும், டிக் வாயடைச்சுப் போயிடும். கையோட நுனில நல்லாவே வைக்கலாம், ஸ்டெம் ஓட்டைக்குள்ள சிரிஞ்சால ஒரு சொட்டு, கவ்வில உட்கார்ற இடத்துல ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

அளவுதான் கஷ்டம். மிருதங்கத்தோட தொப்பில ரவையைப் பிசைஞ்சு ஒட்டுவாங்க பாத்திருக்கீங்களா, கொஞ்சம் கொஞ்சமா ஒட்டித் தட்டித் தட்டிப் பாப்பாங்க, குறைஞ்சா கும்கி நாதம் வராது, கூடிப்போனா சத்தமே அமுங்கிச் செத்துடும். இதுவும் அதே கைப்பக்குவம். என் முதல் போர்டுக்கு நான் தோசைக்கல்லுல எண்ணெய் ஊத்தற மாதிரி ஊத்தினேன், சத்தம் நின்னுச்சு, ஸ்பேஸ்பாரும் நின்னுருச்சு, அழுத்தினா கீழ போகும், யோசிச்சு யோசிச்சு மேல வரும், வார்த்தைக்கு நடுவுல ஸ்பேஸ் விழாம எல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அப்படி லேசா மந்தமா மட்டும் இருந்தா அந்த ஒரு ஸ்விட்ச்சுல கொஞ்சம் அழுத்தமான ஸ்பிரிங் மாத்திப் போட்டா சமாளிக்கலாம், என்னோடது அந்தக் கட்டத்தைத் தாண்டிருச்சு.

கிரீஸுக்குப் பதிலா வீட்டுல இருக்கறதைப் போடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. தம்பி கேட்கவே இல்ல, எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின வாரமே என்டர் கீக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பாத்துட்டான். தேங்காய் எண்ணெய் உறையறது 24 டிகிரி சுமாருக்கு, நம்ம ஊர்ல ஏசி போடாத ரூம்ல அது தண்ணி, ஸ்டெம்மை விட்டு வழிஞ்சு பிசிபிக்குப் போயிடும், ஏசியை 22-ல வெச்சுத் தூங்கினா காலைல மெழுகு. பகல்ல ஒரு கீபோர்டு, ராத்திரில ஒரு கீபோர்டு. தையல் மெஷின் எண்ணெயும் ரொம்ப மெல்லிசு, ரெண்டு நாள்ல ஓடிப்போகும். துரு விடுவிக்கற ஸ்ப்ரே பக்கமே போகாதீங்க, அது ஆவியாகிப் போற சாமான், சில பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

இனி வெட்டற வேலை. செர்ரி கம்பெனியோட ஒரிஜினல் ஸ்டெம்மைத் திருப்பிப் பாத்தா அடியில ரெண்டு மெல்லிசுக் கால் நீட்டிக்கிட்டு இருக்கும், பிசிபில மெதுவா இறங்கட்டும்னு வெச்சது, ஆனா தட்டறவனுக்கு அது சேத்துல மிதிச்ச மாதிரி கொழகொழன்னு இருக்கும். நகவெட்டியால அதை வெட்டி எடுத்துட்டு தட்டையா ஆக்கினா அடி நறுக்குன்னு விழும். இப்போ கஸ்டம் போர்டுக்குன்னு விக்கற ஸ்டேப் அனேகமா வெட்டியே வருது, அதனால இது பழைய கதை ஆகிக்கிட்டு இருக்கு. வெட்டினா அடி நேரா பிசிபில விழும், அந்த அடியை மெத்தாக்க துணி பிளாஸ்டர், காயத்துக்கு ஒட்டுவோமே அதேதான், சின்னத் துண்டு வெட்டி ஸ்டெம் வந்து இறங்கற இடத்துல பிசிபி மேல ஒட்டுவாங்க. நல்லாத்தான் இருக்கும், ஆனா பஞ்சு இருக்கற பகுதியை ஒட்டிடாதீங்க, துணி ஓரம் போதும், தடிமனா போனா கூடு சரியா உட்காராது. என் வீட்டு ஈரக்காத்துல ஒண்ணரை வருஷத்துக்கு அப்புறம் பிரிச்சுப் பாத்தப்போ அந்தப் பசை பிசுபிசுன்னு உருகி வெளில வந்திருந்துச்சு, அதுக்கப்புறம் நான் அதுக்குன்னே வெட்டி விக்கற மெல்லிசு ஃபோம் துண்டுக்கு மாறிட்டேன்.

ஹோலீ மாட்னு ஒரு மாற்று வேலை இருக்கு, இந்த மொத்த வித்தைலயே எனக்குப் புத்திசாலித்தனமா பட்டது அதுதான், கஷ்டமானதும் அதுதான். ஸ்டெம் ஓட்டைக்குள்ளயே பிளாஸ்டர் துணியோ டெஃப்லான் டேப்போ நூல் மாதிரி ஒரு கீத்து நுழைச்சு, கம்பியோட கை வந்து முட்டற சுவத்துக்கு உள்சட்டை போட்டு விடறது. ஆட்டம் பிறக்கற இடத்துலயே அடைக்கறோம், கிரீஸ் நாள்பட ஒதுங்கிப் போனாலும் துணி அங்கயே நிக்கும். ஆனா பத்து ஸ்டெம்முக்கும் டிவீசரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா கழுத்து போயிடும், ஒண்ணுல துணி மடிஞ்சு நின்னுட்டா கம்பி இறுகி கீ மந்தமாகிடும். கம்பி நேரா இருந்து கிரீஸ் அளவா இருந்தா இது தேவையே படாதுங்கறது என் கட்சி, ஒத்துக்காதவங்க நிறைய பேர் உண்டு.

எல்லாம் சரியா பண்ணியும் ஸ்பேஸ்பார் மட்டும் கத்தினா ஸ்டேப்பைத் திட்டாதீங்க, கீகேப்பைக் கழட்டிக் கண்ணாடில வெச்சுப் பாருங்க. பிபிடி பிளாஸ்டிக் அச்சுல வார்த்து ஆறறப்போ நல்லா சுருங்கும், நீளமான துண்டுன்னா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுடும். ஏபிஎஸ்ங்கற இன்னொரு பிளாஸ்டிக் அவ்வளவு சுருங்காது, அதனாலதான் பல பிபிடி செட்டுல ஸ்பேஸ்பார் மட்டும் ஏபிஎஸ்ல கொடுத்தாங்க. வளைஞ்ச ஸ்பேஸ்பார்ல ஓரக் குழி ரெண்டும் ஸ்டெம்மை உள்பக்கமா சாச்சுப் பிடிக்கும், ஸ்டெம் சுவத்துல உரசும், எத்தனை கிரீஸ் போட்டும் புண்ணியமில்ல. கொதி தண்ணில முக்கி எடுத்து மட்டமான பலகைக்கு அடியில பாரம் வெச்சு நிமித்தறவங்க இருக்காங்க, நான் ஒண்ணை நிமித்தினேன், ஒண்ணை எதிர்ப்பக்கம் வளைச்சேன்.

என் முதல் போர்டு என்ன ஆச்சுன்னு சொல்லலையே. அது சால்டர் பண்ற போர்டு. ஸ்டேப் பிளேட்டுக்கு அடியில பிசிபில இருக்கும், மேலேருந்து ஸ்விட்ச் எல்லாம் பிளேட்டைத் துளைச்சு பிசிபில பத்த வெச்சாச்சு, ஆக ஸ்டேப்பை வெளில எடுக்கணும்னா 61 ஸ்விட்ச், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கால், 122 இடத்துல ஈயத்தை உறிஞ்சி எடுக்கணும். அதுக்குப் பயந்து மூணு வாரம் கீகேப்பை மட்டும் கழட்டிட்டு மேலேருந்து சிரிஞ்சால கிரீஸைக் குத்திக் குத்திப் பாத்தேன், ரெண்டு நாள் அமைதி, மூணாம் நாள் பல்லி. கோணல் கம்பிக்கு எந்தக் கிரீஸும் மருந்து இல்லைன்னு தெரிய எனக்கு மூணு வாரம் ஆச்சு. கடைசில ஒரு பப்ளிக் ஹாலிடேல உட்கார்ந்து எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்தேன், அவசரத்துல ஒரு இடத்துல செம்புத் தகடே பிசிபியோட பிஞ்சு வந்துருச்சு, அந்தக் கீக்கு இன்னிக்கும் ஒரு மெல்லிசு ஒயர்தான் ஓடுது. ஸ்விட்ச் ஒண்ணு கூட போடறதுக்கு முன்னாடி வெறும் பிசிபில ஸ்டேப்பை மாட்டி, ஸ்பேஸ்பாரை அந்த ரெண்டு ஸ்டெம் மேல மட்டும் உட்கார வெச்சு, இடது நடு வலதுன்னு விரலால தட்டிக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஸ்விட்ச் சத்தம் கலக்காம ஸ்டேப்போட சத்தம் மட்டும் தனியா கேக்கும் அதுல. கழட்டி மாட்டற ஹாட்ஸ்வாப் போர்டா இருந்தாலும் இதைப் பண்ணிடுங்க, பிளேட்டைக் கழட்டறது எந்த போர்டுலயும் சுகமான வேலை இல்ல.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு கம்பியை நேராக்கி முடிச்சப்போ கண்ணு சொருகுது. அஞ்சாவது ரைட் ஷிஃப்ட். ண ள ற எல்லாத்துக்கும் நான் இடது சுண்டுவிரலைத்தான் வைப்பேன், ரைட் ஷிஃப்ட்டைத் தொட்டதே இல்ல, அது எப்படி இருந்தா என்னன்னு கோணலோட அப்படியே மாட்டிப் பத்த வெச்சுட்டேன். போன மாசம் அக்கா மக வீட்டுக்கு வந்தவ ஸ்கூல் புராஜெக்ட்னு என் மேஜைல உட்கார்ந்தா. முறையா டைப்பிங் படிச்ச பொண்ணு, இடது கை எழுத்துக்கு ரைட் ஷிஃப்ட், வலது கை எழுத்துக்கு லெஃப்ட் ஷிஃப்ட். ரெண்டு வரி அடிச்சிருப்பா.

"மாமா, இதுல ஏதோ ஒண்ணு டிக் டிக்னு கத்துது."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுப்படிலேருந்து பதில் வந்துருச்சு: "அது பல்லிம்மா, பழகிக்கோ."